ஒற்றைக் கொலைகள் வாங்குவதில்லை

கொக்கம்புதூர் காவல் நிலையத்தில் ஒற்றைக் கொலைகளை வாங்குவதில்லை. மூன்றாகச் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் பதிவு செய்வார்கள். மூன்றையும் ஒரே ஆள் செய்திருக்க வேண்டும், மூன்றிலும் ஒரே அடையாளம் கிடக்க வேண்டும், செய்தது யார் என்று யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. கொலை வழக்குகளை எல்லாம் ஞாயிறு மாலை ஆறு மணித் தொலைக்காட்சித் தொடருக்கு மாற்றிவிட்ட பிறகு இதுதான் நடைமுறை. நிலையத்து வாசலில் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

வசந்தாமணி அந்தப் பலகையைப் படிக்காமல் உள்ளே போய்விட்டாள். அவள் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எந்த அலுவலகத்தில் எத்தனை நகல் கேட்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். அதனால் தங்கை சுகுணா செத்த மறுநாள் காலை, ஆதார், குடும்ப அட்டை, கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் எடுத்து, பின் அடித்து, கையோடு கொண்டு வந்திருந்தாள்.

ரைட்டர் பரிமளம் அந்தக் கட்டை வாங்கிப் புரட்டினார். நிலையத்தில் புகார் எழுதுகிறவரை முன்பிருந்தே ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். தொடர் வந்த பிறகு பதவியின் பெயரை மாற்ற வேண்டி வரவில்லை.

"எத்தனைங்க?"

"மூணு செட் இருக்குதுங்க."

"செட்டைக் கேக்கலீங்க. சாவு எத்தனை?"

"ஒன்னுதானுங்க. என் தங்கச்சி."

பரிமளம் பேனாவை மூடி வைத்தார். "ஒன்னை வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது? சரி, பண்ணுனது யாருன்னாவது தெரியாம இருக்குதுங்களா?"

"அவ வீட்டுக்காரன்தானுங்க. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கான்."

உட்கார்ந்துதான் இருந்தான். குழந்தைவேல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மெத்தைக் கடை வைத்திருப்பவன். முந்தின நாள், மூன்று முறை கூப்பிட்டும் சுகுணா போனை எடுக்கவில்லை என்று கடையிலிருந்து வீட்டுக்கு வந்து, பகல் பதினொன்றரை மணிக்கு ஒரு தலையணையால் காரியத்தை முடித்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லியிருந்தான். விடிந்ததும் இரண்டு லுங்கியும் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷும் பையில் வைத்துக்கொண்டு தானாகவே நிலையத்துக்கு வந்துவிட்டான்.

பரிமளம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

"மொத வாரத்துலயே வந்து உக்காந்துக்கிட்டா எட்டு வாரம் நான் எதை வெச்சுங்க ஓட்டறது?" என்றவர், வாசல் பக்கம் திரும்பினார். "தம்பி, கடை தெறக்கற நேரமாச்சு. கெளம்புங்க."

"இல்லீங்க மேடம், நான்தானுங்க..."

"அதெல்லாம் எட்டாவது வாரம் பேசிக்கலாம்."

குழந்தைவேல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கடை வாசலில் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன.

வசந்தாமணிக்கு வயது நாற்பத்தொன்று. சுகுணாவுக்கு அவள் பத்து வருடம் மூத்தவள். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். அவள் பதினெட்டு வருடமாக அலுவலகங்களோடு பழகியவள். ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தாளைத் தேடிப் போவதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. இரண்டு கொலை குறைகிறது. தேடிப் போனாள்.

அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க அவள் கடைக்குத்தானே வருகிறார்கள். மறுநாளே மாரப்பன் வந்தார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். மகள் ரேவதியை மருமகன் குழம்புச் சட்டியாலேயே அடித்து முடித்து ஏழு மாதம் ஆகிறது. ஒற்றைதான் என்று நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்; உடல் இன்னும் பிணவறையில்தான் இருக்கிறது. அந்தச் சான்றிதழை இன்னும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். அந்த வாரக் கடைசியில் ஹெலன் டீச்சர் வந்தார். அவருடைய அம்மாவை அவருடைய அண்ணனே வீட்டுப் பத்திரத்துக்காகக் கிணற்றில் தள்ளியிருந்தான். வசந்தாமணி மூன்றையும் சேர்த்துப் பின் அடித்தாள்.

"இப்ப மூணுங்க," என்று கொண்டுபோய் வைத்தாள்.

இந்த முறை இன்ஸ்பெக்டரே இருந்தார். அறிவுடைநம்பி நல்ல குடும்பஸ்தர். ஆனால் கொலைப் பிரிவு இன்ஸ்பெக்டர் தாடி மழிக்காமல், மனைவியைப் பிரிந்து, பால் விடாத காப்பி குடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவர் மனைவி திங்கள் முதல் சனி வரை தாய் வீட்டில் பிரிந்திருந்து, ஞாயிறு மதியம் வந்து கறிக்குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். காப்பியைத்தான் அவரால் பழகிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளிப்பார். அது பார்க்கிறவர்களுக்கு ஆழ்ந்த துயரமாகத் தெரிந்தது.

"மூணுக்கும் பொது அடையாளம் என்னங்க?" என்று கேட்டார்.

வசந்தாமணி இதை யோசித்து வைத்திருந்தாள். "மூணு பேரையும் அவங்கவுங்க வீட்டுக்குள்ளயே, அவங்க கையில சோறு தின்னவங்களே கொன்னிருக்காங்கங்க."

இன்ஸ்பெக்டர் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார்.

"அது எல்லாப் பக்கமும் இருக்கறதுதானுங்களே. அடையாளம்னா அபூர்வமா இருக்கோணும். பறவை எறகு, பாதி எரிஞ்ச கடுதாசி, அந்த மாதிரி," என்றார் பரிமளம்.

கடைசியில் சோழி என்று முடிவாயிற்று. முதல் உடலின் உள்ளங்கையில் ஒரு சோழி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. கிணற்றில் கிடைத்த அம்மாவின் கை மூடியிருந்ததால் ஹெலன் டீச்சர்தான் அருகில் இருந்து விரல்களைப் பிரித்துக் கொடுத்தார். பகல் பதினொன்றரை மணி சரிவராது என்று சுகுணாவின் நேரத்தை நள்ளிரவுக்கு மாற்றினார்கள். அந்தத் தெருவில் மட்டும் அன்று இரவு கனமழை பெய்ததாகப் பதிவானது. தெருக்காரர்கள் எழுந்து வந்து கொடியில் கிடந்த துணிகளை உள்ளே எடுத்தார்கள்.

சுகுணாவைப் பற்றி நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தாள் வசந்தாமணி. அவள் கணக்கில் கெட்டிக்காரி, பாலிடெக்னிக்கில் ஒரு வருடம் படித்தாள், கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள், வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றரை சென்ட்டில் சுண்டைக்காய் போட்டிருந்தாள், கல்யாணமான இரண்டாம் வருடத்திலிருந்து கழுத்து மூடிய ஜாக்கெட்தான் போட்டாள். பரிமளம் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கழுத்து மூடிய ஜாக்கெட் வந்த இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இவங்களுக்கு இங்க கால் மட்டுந்தானுங்க. கட்டிலுக்கு வெளிய கால் தெரியும், கொலுசு தெரியும், அவ்வளவுதான். பதினோரு செகண்டு."

"மொகம்?"

"மொகத்தைக் காட்டுனா ஜனங்களுக்குப் பாவமா இருக்குமுங்க."

கொலையாளியைத் தேர்ந்தெடுக்க மூன்று வீட்டு ஆண்களையும் முறைக்காகக் கூப்பிட்டுப் பேசினார்கள். முதலில் குழந்தைவேல்.

"சின்ன வயசுல உங்களை யாராச்சும் இருட்டு ரூம்ல போட்டுப் பூட்டுனாங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இல்லீங்க சார். அம்மா தெனமும் ரெண்டு முட்டை குடுப்பாங்க."

"வயலின் வாசிப்பீங்களா?"

"இல்லீங்க."

"போலீசுக்குப் புதிர் எழுதி அனுப்பற பழக்கம்?"

"மெத்தை அளவுதானுங்க எழுதுவேன்."

"சரி, எதுக்காகக் கொன்னீங்க?"

"போனை எடுக்கலீங்க."

அறிவுடைநம்பி காப்பியை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "இதைப் போட்டா ஜனங்க வேற சேனலுக்குப் போயிருவாங்க," என்றார். மாரப்பனின் மருமகன் குழம்பில் உப்பு என்றான். ஹெலன் டீச்சரின் அண்ணன் பத்திரம் என்றான். மூன்று பேரும் தகுதிக் குறைவு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கொலையாளியாக இளம்பரிதி என்ற வரலாற்றுப் பேராசிரியரை நியமித்தார்கள். காதோரம் மட்டும் நரை. மலை மேல் கண்ணாடிச் சுவர் வைத்த வீடு கொடுத்தார்கள். அவர் தனியாக உட்கார்ந்து கத்தியால் மாம்பழத்தை மெல்ல அரிந்து சாப்பிட வேண்டும், கல்வெட்டுகளிலிருந்து வரிகளைச் சொல்ல வேண்டும். மற்றபடி ஓர் எறும்பைக்கூட மிதித்தவர் இல்லை. வசந்தாமணியை நிலையத்தில் பார்த்தபோது எழுந்து நின்று கும்பிட்டார்.

"உங்க தங்கச்சியைக் கொன்னதுல எனக்கு வருத்தம்தாங்க. ஆனா நான் வருத்தப்படக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"பரவால்லைங்க," என்றாள் வசந்தாமணி.

தொடர் தொடங்கியது. முதல் ஐந்து வாரம் இளம்பரிதியின் முகத்தைக் காட்டவில்லை, கறுப்புக் கையுறைகளை மட்டும் காட்டினார்கள். கொக்கம்புதூரில் அந்தக் கையுறைகளை எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. கல்லூரிப் பெண்கள் அவற்றுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜவுளிக் கடையில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு ஜோடியைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் மேலதிகாரி வந்து, "இருபத்துநாலு மணி நேரம்தான் இருக்கு, அறிவுடைநம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இருபத்துநாலு மணி நேரம் எட்டு வாரம் இருந்தது. ரத்தச் சோதனை முடிவுகள் காப்பி ஆறுவதற்குள் வந்தன. சத்தம் கேட்டால் பெண்கள் விளக்கைப் போடாமல், "யாரு? யாரு அங்க?" என்று கேட்டுக்கொண்டே இருட்டுக்குள் போனார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து ஊர்ப் பெண்களும் அப்படியே போகத் தொடங்கினார்கள். மின்சாரச் செலவு குறைந்தது.

பலியானவர்களின் குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நிலையத்திலிருந்து தாள் வந்திருந்தது. சுகுணாவுக்கு இருந்த குடும்பம் அக்காளும் புருஷனும்தான். அதனால் ஞாயிறுதோறும் ஆறு மணிக்குக் குழந்தைவேல் ஒரு பொட்டலம் முறுக்கோடு வசந்தாமணியின் வீட்டுக்கு வந்தான். வாசற்படிக்கு உள்ளே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். முன்பு அவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

முதல் வாரம் மழையில் நனைந்த ஜன்னலுக்கு அப்பால் கட்டிலும், கட்டிலுக்கு வெளியே கொலுசுக் காலும் தெரிந்தன. குழந்தைவேலின் கையில் முறுக்கு அப்படியே நின்றது.

"என் பொண்டாட்டிய என்ன பாடு படுத்தியிருக்கான் பாருங்க்கா," என்றான். அழுதான். வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். நிஜக் கண்ணீர்தான். கன்னத்தில் வழிந்து சட்டையில் சொட்டியது. "இவனையெல்லாம் சும்மா விடக் கூடாதுங்க்கா."

போகும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. படியில் இறங்கியவன் திரும்பி வந்தான்.

"கதவை நல்லாத் தாழ் போட்டுக்குங்க்கா. தனியா இருக்கீங்க."

ஐந்தாம் வாரம் அந்த மயக்கம் வசந்தாமணிக்கே நேர்ந்தது. அன்று கையுறைக்காரன் மூன்றாவது வீட்டின் பின்கட்டில் நின்றான். வெளியே, சந்தேகத்துக்கென்று சேர்த்திருந்த பால்காரரின் சைக்கிள் ஒரு பக்கம், டாக்டரின் கார் ஒரு பக்கம். வசந்தாமணியின் அடுப்பில் வைத்த அரிசி தீய்ந்து வாசம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கையுறைக்குள் இருப்பது இளம்பரிதி என்று அவளுக்குத் தெரியும். இளம்பரிதி யாரையும் கொல்லவில்லை என்பது தெரியும். கொன்றவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்து முறுக்குத் தின்கிறான் என்பதும் தெரியும். இருந்தும் முன்னால் சாய்ந்து, "யாரா இருக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

"எனக்கு அந்த டாக்டர் மேலதாங்க்கா சந்தேகம்," என்றான் குழந்தைவேல்.

"டாக்டர் எடதுகைக்காரருல்ல? சோழி வலது கையிலதான வெச்சிருக்கு?"

"அட, ஆமாங்க்கா!"

அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்கு மனம் லேசாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது, புத்திசாலி ஒருவன் யோசித்துச் செய்திருந்தான், இன்னொரு புத்திசாலி யோசித்துக் கண்டுபிடிப்பான். அவன் போன பிறகு டம்ளரைக் கழுவும்போதுதான் கை நின்றது. அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். தீய்ந்த சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை அங்கேயே இருந்தாள்.

எட்டாம் வாரத்துக்கு நிலையத்தில் பெரிய பலகை வைப்பார்கள். சந்தேகப்படுகிறவர்களின் படங்களைக் குத்தி, சிவப்பு நூலால் ஒன்றோடொன்று கட்டி, அதன் முன்னால் இன்ஸ்பெக்டர் நின்று யோசிப்பார். படங்களை நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை வசந்தாமணியின் கடைக்குத்தான் வந்தது. அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். கடைசியாக, முன்பு எடுத்து வைத்திருந்த குழந்தைவேலின் ஆதார் நகலைக் கண்ணாடியில் வைத்து, முகத்தை மட்டும் முழுத்தாள் அளவுக்குப் பெருக்கினாள். நிலையத்துக்குப் போய் அதைப் பலகையின் நட்ட நடுவில் குத்தினாள். எல்லா நூல்களையும் அவிழ்த்து அங்கே கொண்டுவந்து கட்டினாள்.

பரிமளம் காப்பி டம்ளரோடு வந்து பலகையின் முன் நின்றார்.

"யாருங்க இது?"

"சுகுணா வீட்டுக்காரன்."

"மொத நாள் பெஞ்சுல வந்து உக்காந்திருந்தாரே, அவரா?"

"அவனேதானுங்க."

பரிமளம் வெகுநேரம் பார்த்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன. "அடேங்கப்பா. ஒருத்தருமே நெனைச்சிருக்க மாட்டாங்களே!" என்றார். திருப்பம் கிடைக்காமல் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தவர் அவர். அங்கேயே நின்று எழுதத் தொடங்கிவிட்டார்.

ஞாயிறு மாலை அறிவுடைநம்பி மெத்தைக் கடைக்குள் நுழைந்து குழந்தைவேலுக்கு விலங்கு மாட்டினார். "அன்னைக்கே நான் சொன்னனுங்களே சார்," என்று அவன் சொன்னதை மட்டும் வெட்டிவிட்டார்கள். வசந்தாமணி அன்று தனியாக உட்கார்ந்து பார்த்தாள். முறுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை முதல் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. ஒரு மெத்தைக் கடைக்காரன் எப்படிக் கொலை செய்வான், நம்பும்படி இல்லை என்று எழுதியிருந்தார்கள். கையுறைக்கு என்ன ஆயிற்று, கல்வெட்டு வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். ஒரு பெண்மணி இப்படி எழுதியிருந்தார்: 'ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். கொலையாளி எங்கள் வீட்டுக்காரர் சாயலில் இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்க்க வைப்பது நல்ல நிகழ்ச்சிக்கு அழகல்ல. நாங்கள் பயப்பட வருகிறோம், இதற்காக வரவில்லை.'

ஆகவே அந்த முடிவை நீக்கி, அடுத்த ஞாயிறு புதிய முடிவு ஒன்றை ஒளிபரப்பினார்கள். பாழடைந்த நூற்பு ஆலை ஒன்றில் இளம்பரிதி தன் இளமைத் துயரங்களைப் பன்னிரண்டு நிமிடம் விளக்கினார். பிறகு மாடியிலிருந்து ஆற்றில் குதித்தார். உடல் கிடைக்கவில்லை. ஊரே நிம்மதியாகத் தூங்கியது.

குழந்தைவேலை என்ன செய்வார்கள் என்று கேட்க வசந்தாமணி நிலையத்துக்குப் போனாள். நீக்கிய முடிவுகளுக்கு நிலையத்தின் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம் இருந்தது.

"முடிவைத்தானுங்க மாத்தச் சொல்லி உத்தரவு. கைதை மாத்தச் சொல்லி ஒருத்தரும் எழுதிக் குடுக்கலியே," என்றார் பரிமளம். "அவரு அந்த முடிவுக்குள்ளயேதான் இருப்பாரு."

"எத்தனை வருசத்துக்குங்க?"

"நீக்குனதுக்கு வருசக் கணக்கு ஏதுங்க?"

வசந்தாமணி கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். குழந்தைவேல் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தான்.

"அக்கா, அந்தப் புரொபசரைப் புடிச்சுட்டாங்களா?"

"தப்பிச்சுட்டான்," என்றாள்.

"அய்யோ," என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

வெளியே வேப்பமரத்தடியில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தார். ஒரு தொடருக்கு ஒரு திருப்பம்தான் என்று அவரிடமும் ஹெலன் டீச்சரிடமும் சொல்லிவிட்டார்கள். அவருடைய மருமகன் போன வாரம் மறுகல்யாணம் செய்துகொண்டிருந்தான். வசந்தாமணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அட, விடம்மா. உனக்காச்சும் ஆச்சுல்ல," என்றார். "டீச்சரும் நானும் ரெண்டாச்சு. அடுத்த தொடருக்கு இன்னும் ஒன்னு கெடைச்சாப் போதும். கெடைக்காமயா போகும்?" சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.

தொடருக்காக வைத்திருந்த சுகுணாவின் உடலை அன்றைக்கே கொடுத்தார்கள். எரித்த பதினாறாம் நாள் காலை, கடை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து ஒரு தாளை நீட்டினார். 'சுகுணா. முப்பத்தோரு வருடம் நாலு மாதம். எடுத்துக்கொண்டது பதினோரு செகண்டு. பயன்படுத்தாத மீதி, உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது' என்று எழுதியிருந்தது. வசந்தாமணி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். காகிதக் கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மேசையைச் சுவரோரமாகத் தள்ளி இடம் செய்தாள்.

சுமைக்காரர்கள் இருவர் சுகுணாவின் வருடங்களை இறக்கத் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு பெரிதாக இருந்ததால் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு கட்டு ஓயாமல் தும்மிக்கொண்டே இருந்தது. மார்கழி மாதத்துக் காலைகள் சில்லென்றிருந்ததால் சாக்கு சுற்றித் தூக்கினார்கள். மதியம் ஆவதற்குள் கடை நிறைந்து, நடக்க ஒற்றையடி வழிதான் மிஞ்சியது. கடைசியாக ஒரு சுமைக்காரர் இரண்டு கையாலும் சின்னதாக ஒன்றை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். வைக்க இடம் தேடினார். ஜெராக்ஸ் மிஷினின் மூடி மேல் இடம் இருந்தது.

"இதைப் படுக்க வெச்சரலாமுங்களா?"

"வேண்டாமுங்க," என்று வசந்தாமணி கையை நீட்டினாள். "அது மூணு மாசத்துலது. தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சுட்டுத்தான் படுக்க வெக்கோணும். இப்பத்தான் பால் குடிச்சிருக்குது."